முதலில் எழ வேண்டியவர்

இல்லை, முழங்கால் காரணம் இல்லை. முழங்காலைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மரியாதைக்குரிய ஸீனா அத்தைக்கு, சிஸ்ரானிலிருந்து உல்யானா எழுதுவது. இது முதல் வரியில் வந்திருக்க வேண்டும், மன்னிக்கவும். உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியும் தோட்டத்து வெள்ளரி ஏறியும் இருக்கும் என்று நம்புகிறேன். நானும் பூனையும் நலம்.

நல்ல உயரம், நல்ல கை, இருந்தும் ஏன் இத்தனை வருடம் உள்ளூர் ரயில்வே கூடைப்பந்து அணியின் ஓரத்து பெஞ்சிலேயே இருந்துவிட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தை, அந்த அறையில் நீங்களும் இருந்தீர்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தெற்கத்திப் பெரிய அணி கூப்பிட்டிருந்தது. மறுநாள் காலை மாஸ்கோவில் மருத்துவப் பரிசோதனை, அது முடிந்த கையோடு ஒப்பந்தம். அம்மா என் ஆட்டக் காலணிகளுக்கு நடுவே வெள்ளரி ஊறுகாய் ஜாடியைச் செருகிவைத்தாள், மாஸ்கோவில் சாப்பாடே கிடைக்காது என்பதுபோல. பிறகு, நம் வழக்கப்படி, பயணம் நல்லபடியாக அமையப் புறப்படுவதற்கு முன் எல்லோரும் உட்கார வேண்டுமே, உட்கார்ந்தோம். நீங்களும் அம்மாவும் சோபாவில், நான் பையின் மேல், அப்பா தன் நாற்காலியில். ஒரு நிமிட மௌனம். மூத்தவர் எழுந்தால் மற்றவர்கள் எழலாம். மூத்தவர் அப்பா. இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு வந்தவர். தூங்கிவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், அம்மா உங்களைப் பார்த்தாள், நான் கதவைப் பார்த்தேன், யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் பேசினால் பயணம் கெட்டுவிடும், மூத்தவருக்கு முன்னால் எழுந்தாலும் கெட்டுவிடும், என் பயணம் கெடக் கூடாது என்று மூன்று பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாஸ்கோ வண்டி சமையலறை ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு, ஊதிக்கொண்டு, என் இடத்தோடு போயிற்று.

அந்த ஊதலில்தான் அப்பா விழித்தார்.

"சரி, கடவுள் துணை. கிளம்புவோம்."

"வண்டி போயிடுச்சுண்ணே," என்றீர்கள் நீங்கள்.

"அது சரக்கு வண்டி."

"சரக்கு வண்டியில எதுக்கு இத்தனை ஜன்னல்? தூங்கிட்டீங்கண்ணே."

"யாரு, நானா? கண்ணை மூடிப் பொண்ணுக்காக வேண்டிக்கிட்டிருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா வேண்டிக்குவாங்க?"

அதன் பிறகும் அவர் விடவில்லை. என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு நடந்தார். அடுத்து நின்ற வண்டியில் என்னை ஏற்றப் பார்த்தார். பெட்டிக்குப் பொறுப்பான ஊழியரம்மா படியை மறித்தாள்.

"பெரியவரே, இது மாஸ்கோவுக்குப் போற வண்டியில்ல. அங்கேருந்து வர்றது."

"அப்ப வழி தெரிஞ்ச வண்டிதானே? திருப்பச் சொல்லும்மா."

இந்தச் சண்டையில் பை கீழே விழுந்தது. ஜாடி உடைந்தது. அந்தக் காலணிகளை எத்தனை முறை துவைத்தும் சதகுப்பைக் கீரை வாசம் போனதே தவிர பூண்டு வாசம் போகவில்லை. அடுத்த சீசனில் என்னை நெருங்கித் தடுக்க எதிரணியில் ஆள் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த சீசன் அதுதான்.

வண்டியைத் தவறவிட்ட மறுநாள், அந்தப் பெரிய அணியின் பயிற்சியாளர் அர்காதி லெவோவிச்சிடம் தொலைபேசியில் பேசினேன். நன்றாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏம்மா வரலை?"

"புறப்படறதுக்கு முன்னால உட்கார்ந்திருந்தோம்."

"யாரு எந்திரிக்கலை?"

"அப்பா."

"ம்." பெருமூச்சு. "அப்பா எந்திரிக்காம நீ எப்படி எந்திரிப்பே? வேற பொண்ணை எடுத்துட்டோம்மா."

அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் வலிக்கிறது. புரியாமல் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அவர் இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கவும் கூடும்.

அந்த வேறு பெண் வெரோனிகா. அவள் கோப்பையைத் தூக்குவதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நல்லவள். நன்றாக ஆடினாள். வெறுக்க முயன்று பார்த்தேன், வரவில்லை.

அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இது உங்களுக்குத் தெரியாது, அத்தை. என் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் வந்தார். ஒன்றில்கூட உட்காரவில்லை. காலி இருக்கைகள் வரிசை வரிசையாகக் கிடக்கும், அவர் அரங்கத்து வாசலருகே நின்றுகொண்டிருப்பார். வருகிறவர்கள் அவரை ஊழியர் என்று நினைத்து மேல்கோட்டுகளைக் கழற்றிக் கொடுப்பார்கள். அவரும் வாங்கி மாட்டிவைப்பார். களத்தின் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன், இந்தப் பக்கம் இரு கைகளிலும் கோட்டுகளோடு அவர் நின்றிருப்பார். என்னைக் களத்தில் இறக்கும்போது கைதட்ட அவருக்குக் கை இருக்காது.

ஒரு நாள் போய், "உட்காருங்கப்பா" என்று சொல்லியிருக்கலாம். மூன்று குளிர்காலங்களுக்கு முன் அவர் போய்விட்டார். சொல்லவில்லை.

ஆகவே, பென்ஸாவில் உங்கள் தோழியின் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை. ஏற்றுக்கொள்கிறேன். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றீர்கள், இதுதான் பதில். நீங்கள் சொல்வது சரி, இந்த வயதில் பந்தின் பின்னால் ஓடுவது கேலிக்கூத்து. காலணிகளை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன், மூக்கடைத்த யாராவது கிடைத்தால்.

உங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு என் முத்தங்கள். உங்கள் முட்டைக்கோஸைப் பனி தொடாமல் இருக்கட்டும். உங்கள் கோபம் இந்தப் பக்கம் வரும் வழியிலேயே ஆறட்டும்.

கீழ்ப்படிந்த மருமகள்,
உல்யானா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு தொலைபேசி வந்தது, அதனால் பிரித்திருக்கிறேன். ஓம்ஸ்கிலிருந்து பேசினார்கள். அணியில் ஒருத்திக்குக் கால் முறிந்துவிட்டதாம், சீசன் முடியும்வரை ஆள் வேண்டுமாம். "முழங்கால் எப்படி இருக்கு?" என்றார்கள். நல்ல முழங்கால் என்றேன். ஆகவே மேலே பள்ளியைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். கீழ்ப்படிந்த என்ற சொல்லையும் அடித்துவிடுங்கள்.

பையைக் கட்டினேன். ஊறுகாய் வைக்கவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இந்த வீட்டில் இப்போது நான்தான் மூத்தவள் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எழுந்தேன். பூனையை எதிர்வீட்டில் விட்டேன். இதை நிலையத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓம்ஸ்க் வண்டியில் ஏறுகிறேன்.