பன்னிரண்டு பாட்டில் வைக்க ஒரு நிலவறை

ஒயின் என்ற பானத்தை நான் இன்றுவரை குடித்ததில்லை. ஆனால் ஒயின் வைப்பதற்கென்றே தரைக்கடியில் ஓர் அறை கட்டியிருக்கிறேன். அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்த அறுபதுகளில், சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி கிடக்கும் ஒரு முருக பக்தரின் வீட்டுக் கொல்லையில்.

அந்த பக்தர் என் அப்பா. எங்களுடையது தறி நெய்த குடும்பம். அப்பாதான் முதன்முதலில் தறியை விட்டுவிட்டு, வீரபாண்டியில் எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் ஆறு நிட்டிங் மெஷின்களைப் போட்டுப் பனியன் கம்பெனி ஆரம்பித்தவர். பி.யூ.சி. படித்தவன் என்பதால் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. (மாதம் மூன்று கடிதம் வரும். மீதி நேரத்தில் கனவு காண்பேன்.) எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணமாகி ஐந்து மாதம்.

ஒரு நாள் வெளிநாட்டு மெஷின் ஊசிகள் ஒரு பெட்டி வந்தது. ஊசிகள் அசையாமல் இருக்க ஏதோ ஆங்கிலப் பத்திரிகையின் தாள்களைக் கசக்கி அடைத்திருந்தார்கள். ஒரு தாளை நீவிப் பார்த்தேன். 'உங்கள் வீட்டில் ஓர் ஒயின் நிலவறை: திட்டமும் செலவும்' என்று தலைப்பு. கீழே படம். கல் படிகள் இருட்டுக்குள் இறங்குகின்றன. சுவரோரம் பாட்டில்கள் படுத்துத் தூங்குகின்றன. நரைத்த தலைக்காரர் ஒருவர் விளக்கொளியில் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, அதற்குள் தன் முற்பிறவி தெரிவதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்னைச் சுற்றி ஆறு மெஷின்களும் கடகடத்துக்கொண்டிருந்தன. நானோ அந்தப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது படியில் சத்தம் அடங்கியது. நான்காவது படியில் குளிர்ந்தது. 'நிலவறைக்கு அவசரம் தெரியாது' என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் கண் கலங்கிவிட்டது. (பஞ்சுத் தூசியாகவும் இருக்கலாம்.)

செலவில் கால் பங்கு அறைக்கு, முக்கால் பங்கு ஒயினுக்கு என்றது கட்டுரை. வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, அதிர்வு ஆகாது. 'எல்லாவற்றையும்விட முக்கியமாக, தோண்டத் தொடங்கும் முன்' என்ற இடத்தில் தாள் முடிந்துவிட்டது. அடுத்த தாள் வேறு யாருடைய ஊசிகளோடோ வேறு ஊருக்குப் போயிருக்க வேண்டும்.

இது வெறும் கனவாகவே கரைந்திருக்கும். கெடுத்தது பெரைராவின் கடிதம். பெரைரா கோவாக்காரர். பம்பாயில் இருந்துகொண்டு, கப்பலில் சரக்கு அனுப்பும் வியாபாரிகளுக்குப் பனியன் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட். அவருடைய ஆர்டர் கிடைத்தால் ஆறு மெஷின் பன்னிரண்டாகும் என்று அப்பா நம்பியிருந்தார். ஐப்பசியில் நேரில் வந்து சாம்பிள் பார்ப்பதாக எழுதிய பெரைரா, கடைசியில் சும்மா ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்ச் சின்னதாக ஓர் ஒயின் நிலவறை கட்ட ஆசை.'

நான் பதில் எழுதினேன்: 'எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்.'

ஏன் அப்படி எழுதினேன் என்று சரோஜா அறுபது வருஷமாகக் கேட்கிறாள். (சரோஜா என் மனைவி. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகள். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் என்னைவிட அதிக மார்க்.) எழுதும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. மனத்துக்குள் நான் தினமும் அந்தப் படிகளில் இறங்கி ஏறிக்கொண்டுதானே இருந்தேன்.

எழுதிவிட்டால் கட்டத்தானே வேண்டும். அப்பாவிடம் போய், வெயிலில் நூல் காய்ந்து மெஷினில் அறுந்து அறுந்து போகிறது, தரைக்கடியில் ஈரப்பதமாக ஓர் அறை இருந்தால் நூல் மிருதுவாக இருக்கும் என்றேன். அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார்.

"இத நீயா யோசிச்ச, கண்ணு?"

"ஆமாங்கப்பா."

ஏழாவது மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். அன்று சாயந்திரம் நூல் கடைக்காரரிடம், "பையனுக்குத் தொழில்ல புத்தி எறங்கிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கூசியது. ஆனால் கனவில் இருப்பவனுக்குக் கூச்சம் வெகுநேரம் நிற்பதில்லை.

நோட்டுப் போட்டு பட்ஜெட் எழுதினேன். குழி, கல், படி, கதவு, பாட்டில் ஸ்டாண்டு என்று எழுதிக்கொண்டே போய், கடைசியில் 'ஒயின்' என்று எழுதி எதிரே இடம் விட்டேன். சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"ஒயினுக்கு நேரா ஒண்ணுமே எழுதலீங்களே?"

"சட்டம் மாறட்டும்."

"அதுவரைக்கும் அந்தப் பொந்துக்குள்ள என்னத்த வெப்பீங்க?"

நிலவறைக்கு அவசரம் தெரியாது என்று சொன்னேன். அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

குழி வெட்ட வந்தவர் ஆறுமுகண்ணன், ஊரில் பாதிக் கிணறுகளை வெட்டியவர். கடப்பாரையை ஊன்றி நின்று, எங்கள் கொல்லையின் வடக்கு எல்லையைக் காட்டினார். அங்கே ஒரு சாயப்பட்டறை. லுங்கி நூலுக்கு ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு என்று சாயம் போட்டு, கழிவுத் தண்ணீரைப் பின்னாலிருந்த குட்டையில் விடுவார்கள்.

"தம்பி, அது மேட்டுல இருக்குதுங்க. நாம பள்ளத்துல வெட்டறோமுங்க."

"கல் கட்டிச் சிமென்ட் பூசிடலாமுங்கண்ணா. இங்கிலீஷ் பத்திரிகையில போட்டிருக்குது."

"அப்பச் சரிங்க. அதுல நம்ம சாயப்பட்டறையப் பத்தியும் போட்டிருப்பாங்க" என்று குனிந்து வெட்ட ஆரம்பித்தார்.

புரட்டாசி முடிவதற்குள் ஒன்பது படிகளோடு அறை தயாராகிவிட்டது. அதைப் போல அழகான ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. மத்தியானச் சோறு உண்டதும் கீழே போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்வேன். கதவிடுக்கில் ஒரு விரல் அகலம் வெயில் இறங்கி வரும். அதில் பஞ்சுத் தூசி மீன் குஞ்சுகள் போல நீந்தும். மேலே மெஷின் ஓடுவது எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோலக் கேட்கும். சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை. நான் பெயர் தெரியாத ஊர்களின் திராட்சைத் தோட்டங்களில் நடந்துகொண்டிருப்பேன். ஒருநாள் சரோஜாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இருவரும் ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருந்தது அந்த அரை மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டாண்டு செய்ய அனுப்பர்பாளையம் போனேன். பாத்திரக்காரரிடம் படம் வரைந்து காட்டினேன். பன்னிரண்டு வளையங்கள் வைத்துப் பித்தளையில் பளபளவென்று செய்து கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். வளையங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பன்னெண்டு. முருகனோட பன்னெண்டு கையா, சாமி?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். "ஆமாங்கப்பா" என்றேன். அப்பா கண்ணை மூடிக் கைகூப்பினார். ஒரு முருகன் படத்தைக் கொண்டுவந்து நிலவறைச் சுவரில் மாட்டி, கற்பூரமும் காட்டிவிட்டார்.

பெரைரா வர நான்கு நாள் இருக்கும்போது, காலி ஸ்டாண்டு என்னை உறுத்த ஆரம்பித்தது. பணம் தீர்ந்திருந்தது. காசிருந்தாலும் ஒயின் வாங்கினால் போலீஸ் வரும். அப்போதுதான் நாட்டு மருந்துக் கடை கண்ணில் பட்டது. திராட்சாரிஷ்டம். கறுப்பு பாட்டில், கார்க் மூடி, உள்ளே திராட்சை. அப்பாவே பல வருஷமாக இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வாயுவுக்காக இரண்டு கரண்டி குடிக்கிற மருந்து. பன்னிரண்டு பாட்டில் கடன் சொல்லி வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, ஸ்டாண்டில் படுக்கவைத்து, அப்பா கண்ணில் படாமல் மேலே ஒரு துணியைப் போர்த்தினேன். (திராட்சை திராட்சைதானே என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தை இன்னும் முழுதாக மறுக்க முடியவில்லை.)

அடுத்த நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பெரைராவுக்குக் காட்ட வேண்டிய சாம்பிள் பனியன்களை, நூல் அறையில்தான் பதமாக இருக்கும் என்று அப்பா மழையின் முதல் நாளே நான்கு கட்டாகக் கட்டி அங்கே இறக்கி வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அவர் என் பொய்யை அவ்வளவு மதித்தார்.

நான்காம் நாள் காலை மழை விட்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் பெரைரா வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு, "முதலில் உங்கள் நிலவறை" என்றார் ஆங்கிலத்தில். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சாம்பிளைத்தான் கேட்கிறார் என்று பூரித்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

படத்தில் இருந்தது போலவே நான் விளக்கோடு முன்னே இறங்கினேன். பெரைரா என் தோளில் கை வைத்துப் பின்னால் வந்தார். ஆறாவது படியில் என் கால் தண்ணீருக்குள் போனது. விளக்கைத் தாழ்த்தினேன். அறை முழுக்க, முழங்கால் ஆழத்துக்கு, அசையாமல், ஆழ்ந்த சிவப்பு. விளக்கொளி அதில் தகதகவென்று ஆடியது. உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. ஒரு கணம் எனக்கே அது ஒயின்தான் என்று தோன்றியது.

"கடவுளே, எல்லாம் கொட்டிவிட்டதா?" என்றார் பெரைரா, நிஜமான துக்கத்தோடு. இன்னும் நன்றாகப் பார்க்க ஒரு படி இறங்கினார். சேறு வழுக்கியது. அவர் என்னைப் பிடித்தார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். இரண்டு பேரும் விளக்கோடு போய் உட்கார்ந்தோம்.

இருட்டில் ஏதோ மெத்தென்று வந்து என் முகத்தில் மோதியது. எங்கள் சாம்பிள் பனியன் கட்டு. கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் பார்த்தால், கட்டுகளெல்லாம் ரோஜா நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன.

மேலே ஏறி வந்த பெரைராவைப் பார்த்து மெஷின்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். மார்புவரை சிவப்பு. அப்பா பதறிப்போய் அவரை உட்காரவைத்தார். சரோஜா துண்டு கொண்டுவந்தாள். குளிரில் பெரைராவின் பல் தந்தியடித்தது. நான் எப்படியோ கையில் ஒரு பாட்டிலோடு ஏறி வந்திருந்தேன். அவர் அதைப் பார்த்துக் கையை நீட்டினார். கார்க்கைப் பிடுங்கி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். படத்தில் இருந்த நரைத்த தலைக்காரர் போலவே இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, "சின்ன வயதில் வயிற்று வலி வந்தால் அம்மா இதைத்தான் கொடுப்பாள்" என்றார்.

வாசனை அப்பாவின் மூக்கை எட்டியிருந்தது. "நம்ம அரிஷ்டமில்ல இது? அவருக்கு எதுக்கு இதக் குடுக்கற?"

பெரைரா அதை எப்படியோ புரிந்துகொண்டு, "இதுவும் ஒயினுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். திராட்சையைப் புளிக்கவைத்தால் போதை வரத்தானே செய்யும். உங்கள் மகன் ஒயின் நிலவறை என்று எழுதியது தப்பில்லை" என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று அப்பா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்துவிட்டாள். கடிதத்தில் நான் எழுதியது உட்பட.

அப்பா மெல்ல உட்கார்ந்தார். நான் கட்டிய அறையோ, போன பணமோ அவருக்கு உடனே உறைக்கவில்லை.

"பழனிக்கு வெரதம் இருக்கறப்பக்கூட ரெண்டு கரண்டி குடிச்சேனே, கண்ணு" என்றார்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பன்னெண்டு வளையம்?"

"பாட்டிலுக்குங்கப்பா."

அடித்திருந்தால் தேவலை. அவர் எழுந்து உள்ளே போய், தன்னுடைய கரை வேட்டிகளில் புதியதை எடுத்துவந்தார். "மொதல்ல மனுசனுக்கு மாத்துத் துணி" என்றார். பெரைராவுக்கு வேட்டி கட்டத் தெரியவில்லை. அப்பாவே குனிந்து, குழந்தைக்குக் கட்டுவது போலக் கட்டி, மேலே தன் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். வேட்டியும் ஈரமான சிவப்பு ஷூவுமாகப் பெரைரா மத்தியான ரயில் ஏறினார். ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று.

அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அரிஷ்டத்தையும் நிறுத்திவிட்டார், இராத்திரியெல்லாம் வாயுவில் அவதிப்பட்டார். அந்த ஏப்பம் ஒவ்வொன்றும் என்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டது. முப்பதாம் நாள் கோயிலுக்குப் போய்ச் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் கட்டிப் போட்டுப் பூக்கேட்டார். வெள்ளை விழுந்தது, அதாவது சம்மதம். முருகன் இரண்டு கரண்டிக்கு அனுமதி கொடுத்துவிட்டதாக வந்து சொன்னார். அதுதான் அவர் மறுபடி என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சாயத் தண்ணீர் இறங்கவே இல்லை. குழியை ஆறுமுகண்ணனே வந்து மூடினார், வாயைத் திறக்காமல்.

தை மாதம் பம்பாயிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தோம். அப்பாவின் வேட்டி. வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்து. கூடவே ஒரு சீட்டு: 'மிக்க நன்றி. உங்கள் ஊரில் எனக்குக் கிடைத்தவற்றில் மிக வசதியான உடை இதுதான்.'

சரோஜா படித்து அர்த்தம் சொன்னாள். அப்பா வேட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். ஜன்மத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு பேசியறியாத மனிதர்.

"நம்ம கம்பெனி பம்பாய்க்கு அனுப்புனது ஒரே ஒரு உருப்படி" என்றார். "அதும் வாபஸ் வந்துருச்சு."

சரோஜாதான் முதலில் சிரித்தாள். பிறகு அப்பா. அவர் வயிறு குலுங்கிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் கடைசியாகச் சிரித்தேன், அனுமதி கிடைத்தது உறுதியான பிறகு.

இப்போது கம்பெனியை என் மகன் நடத்துகிறான். நிஜமாகவே கப்பலில் ஏற்றுமதி. எப்போதாவது தையல் சரியில்லை என்று சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்தால் எங்கள் கம்பெனியில் "ரிட்டர்ன்" என்று யாரும் சொல்வதில்லை. "சார், வேட்டி வந்துருச்சுங்க" என்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன வாரம் பீகாரிலிருந்து வந்த ஒரு புதுப் பையன், ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி உள்ளே என் மகனை எட்டிப் பார்த்து, ரொம்ப வருத்தமாகச் சொன்னான்:

"சாப், வேட்டி ஆ கயா."