வங்கிக்குச் சொல்லாத வீடு

அடுத்தவர் பெயரில் இருக்கும் வீட்டுக் கடனை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டை மட்டும் வாங்கி விற்கும் பெருமான்கள் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் காவிட்டே மாகாணத்துப் பக்கம் மின்கம்பத்துக்கு ஒருவர். கம்பத்தில் தொங்கும் அட்டையில் அவருடைய கைபேசி எண் இருக்கும். எங்கள் குடியிருப்பில் அவர் பெயர் ரொடேல். இஸ்திரி கலையாத சட்டை, கையில் தோல் பை, பைக்குள் ஒரு சீப்பு மட்டும்.

துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் ஜோஸ்லினிடம் போனார்.

“வீட்டை என்கிட்ட விடு தங்கச்சி. தவணையை நான் கட்டிக்கிறேன்.”

“கடன் என் பேர்லயே இருக்குமே அண்ணே? பேங்க்ல சொல்ல வேணாமா?”

“பேங்க் என்ன நமக்குச் சம்பந்தியா, கூப்பிட்டுச் சொல்றதுக்கு?”

கையெழுத்தானது. அதே வாரம் அந்த வீட்டை, ரொட்டிக்கடை வைத்திருக்கும் ரொவேனாவுக்கு விற்றார். மாதம் பதினான்காயிரம் பேசோ தன் கையில் தர வேண்டும் என்று பேச்சு. வங்கித் தவணையோ ஒன்பதாயிரம். உட்கார்ந்த இடத்தில் மாதம் ஐயாயிரம்! கெட்டிக்காரரா, இல்லையா?

கெட்டிக்காரர்தான், ஒரு வீட்டோடு நிறுத்தியிருந்தால். ரொவேனா கொடுத்ததையெல்லாம் அப்படியே அள்ளி இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார். வங்கிக்கு மூன்று மாதமாக ஒரு காசு போகவில்லை. ஒரு காலையில் ரொவேனாவின் வாசற்கதவில் ஏல நோட்டீஸ். அதில் ஜோஸ்லின் பெயர்.

ரொவேனா பதறிப்போய், அக்கம்பக்கத்தில் எண் வாங்கி, துபாய்க்குப் போன் போட்டாள்.

“நான் மாசாமாசம் குடுத்துட்டுத்தானே இருக்கேன் அக்கா!”

“எவ்வளவு?”

“பதினாலு.”

ஜோஸ்லின் சொன்னாள்: “அந்த ஆளை எங்கயும் விட்டுடாதே. நான் டிக்கெட் போடுறேன்.”

பத்தாம் நாள் வங்கியில் ரொடேலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அவர் மெல்லச் சீப்பை எடுத்துத் தலை வாரினார்.

“முடி அப்படியே இருக்கட்டும் அண்ணே,” என்றாள் ரொவேனா. “பணத்தை எடுங்க.”

எடுத்தார். தன் மோட்டார் சைக்கிளை விற்று எடுத்தார். நிலுவை தீர்ந்தது. முறைப்படி மனுக் கொடுத்ததில், கடன் ரொவேனா பெயருக்கே மாறியது. ஜோஸ்லின் அங்கேயே அழுதுகொண்டு சிரித்தாள்.

ரொடேல்? ரொவேனாவின் புதுமனை விருந்துக்கு, வீட்டை ஆசீர்வதிக்க வரும் பாதிரியாருக்கு முன்பே வந்துவிட்டார். மூன்று தட்டு நூடுல்ஸ் காலி. “நான் மட்டும் சேர்த்து வைக்கலேன்னா இவங்களுக்கு ஏது வீடு?” என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், மாதம் ஐயாயிரம் என்று படித்தவுடன், பத்து வீடு என்றால் எவ்வளவு என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தது யார்?