சுவிஸ்காரி அவிச்ச பிட்டு

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கார்ல பூட்டுற நவியை வயர் இல்லாம லப்டொப்போட இணைச்சு, அதுக்குள்ள இலங்கை மெப்பை ஏத்துறது.

நவி எண்டா வழி சொல்லுற பெட்டி. சுவிஸில இருக்கிற கண்ணன், என்ட மனிசிட தம்பி, தான் பாவிச்சதை எனக்கு அனுப்பியிருந்தான். பெட்டி வந்தது. சொக்லெட் வந்தது. வயர் வரல்ல.

"வயர் என்னத்துக்கு அத்தான்? வைஃபைலயே எல்லாம் போகும். உங்களுக்குத் தெரியாததா?" எண்டு போன்ல கேட்டான்.

தெரியாது எண்டு அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரல்ல.

நான் வந்தாறுமூலைக் கெம்பஸில வேலை. கெம்பஸில வேலை எண்டா கொம்பியூட்டரைக் கரைச்சுக் குடிச்சவன் எண்டு மாமியார் வீட்டில ஒரு நம்பிக்கை. நான் அங்க பாக்கிறது ஸ்டோர்ஸ். உடைஞ்ச கதிரையை உடையாத கதிரையில இருந்து பிரிச்சு வைக்கிற உத்தியோகம். அதைக் கலியாணம் கட்டின நாள் தொட்டு ஒருத்தரும் விளக்கமாக் கேக்கல்ல, நானும் சொல்லல்ல.

எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வந்து இருக்கிறது. அதால சித்தாண்டியில நான் இருக்கிறது மனிசிட வளவில. அங்க ஒரு மருமகனுக்கு மரியாதை எண்டு இருக்கிறதே இப்பிடி ரெண்டொரு நம்பிக்கைதான். அதையும் நானே கெடுக்கிறதா?

இதில அவசரம் என்னெண்டா, நேத்துப் பின்னேரம் எல்லாரும் பனிச்சங்கேணிக்குப் போக இருந்தது. மனிசிட தங்கச்சி ரஜிக்கு மாப்பிள்ளை கேட்டு. ராகுகாலம் துவங்க முதல் வெத்திலைத் தட்டத்தோட அவங்கட வாசலைத் தாண்டிரோணும் எண்டு மாமா கண்டிப்பாச் சொல்லிப்போட்டார்.

காலமயே ரஜி எனக்கிட்ட வந்து மெல்லமாச் சொன்னாள். "அத்தான், முதல் வந்த இடமெல்லாம் ஏதோ ஒண்டில குழம்பிப் போச்சு. இது எனக்குப் பிடிச்ச இடம். நேரத்துக்குப் போயிருங்க, என்ன?"

"நவி இருக்கேக்க என்ன பயம்? நீ போய்க் கலியாணச் சாரியைத் தெரிவு செய்," எண்டு சொன்னன். அந்தப் பிள்ளையும் நம்பிட்டுது.

வேலையைத் துவங்கினன்.

வைஃபைக்கு வழி மனிசிட போன் மட்டும்தான். வதனி ஹொட்ஸ்பொட்டைப் போட்டுத் தந்தா. தந்த கையோட அதே போனில பெரியம்மாட மகளோட கதைக்கத் துவங்கினா. கதைக்கேக்க ஒரு இடத்தில நிக்கிற பழக்கம் வதனிக்கு இல்ல. குசினி, கிணத்தடி, மாமரத்தடி எண்டு நடக்கிறா. அவ நடக்க சிக்னல் நடக்குது. சிக்னல் நடக்க நானும் நடக்கிறன், ஒரு கையில லப்டொப், மற்றக் கையில நவி.

"என்ன என்ட பின்னாலயே திரியிறீங்க?"

"உனக்குப் பின்னால இல்ல. உன்ட போனுக்குப் பின்னால."

அவ போனில சொன்னா, "இல்லடி, அவருக்கு இண்டைக்கு என்னமோ பிடிச்சிருக்கு."

மாமரத்தடியில வச்சு லப்டொப்பில கிட்டக் கிடக்கிற மெசின்களிட பேரெல்லாம் வந்தது. நவிட பேர் என்னெண்டு எனக்குத் தெரியா. எழுத்தும் இலக்கமுமா நீளமாக் கிடந்த ஒண்டைப் பாத்தன். இவ்வளவு நீளமான பேர் வெளிநாட்டுச் சாமானுக்குத்தான் இருக்கும் எண்டு அமத்தினன்.

உடனே பிடிச்சிட்டுது! துள்ளிக் குதிக்காத குறை.

வேலிக்கு அங்கால மலர் அக்கா கத்துறா. "தம்பி! ஐயோ தம்பி! சீரியலுக்குள்ள நீங்க என்ன செய்யிறீங்க?"

எட்டிப் பாத்தா, அவட பெரிய டீவி முழுக்க என்ட லப்டொப் படம். அதில நானும் வதனியும் கலியாணக் கோலத்தில. நான் தலைப்பாகையோட முழுசிக்கொண்டு நிக்கிறன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா, மாறி அமத்திட்டன்."

"அங்க மருமகள் மாமிக்குப் பதில் சொல்லப் போறாள், அந்த நேரம் பாத்து நீங்க வந்து நிக்கிறீங்க! கெதியா வெளியால வாங்க!"

வெளியால வாறது எப்பிடி எண்டு எனக்குத் தெரிஞ்சாத்தானே? லப்டொப்பை அப்பிடியே நிப்பாட்டினன். மருமகள் சொன்ன பதிலை மலர் அக்கா தவற விட்டுட்டா. இண்டைக்குக் காலம வரைக்கும் என்னோட கதை இல்ல.

மறுபடியும் துவங்கி, சரியான பேரைப் பிடிச்சன். இப்ப லப்டொப்பில ஒரு இலக்கம், நவியில ஒரு இலக்கம். ரெண்டும் ஒண்டா எண்டு பாத்துச் சம்மதம் சொல்லோணுமாம். நவி சுவிஸ் பாசையில, அதாவது டொச் எண்டுற ஜேர்மனில, என்னமோ கேட்டுட்டு ரெண்டு பெட்டி காட்டுது. ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். பெரிசை அமத்தினன். இணைப்பு அறுந்துட்டுது. திரும்பவும் இலக்கம் வந்தது, திரும்பவும் பெரிசை அமத்தினன், திரும்பவும் அறுந்துட்டுது.

மாமா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில இருந்தார். "என்ன மருமகன், சாதகம் பாக்கிறீங்களா?"

"இல்ல மாமா. இது ரெண்டையும் சேத்து வைக்கப் பாக்கிறன். சேருதில்ல."

மாமா ரெண்டையும் மாறி மாறிப் பாத்தார். "ரெண்டும் ஒரே குடியாக்கும்."

எங்கட ஊரில தாய்வழியா வாற குடி எண்டு ஒண்டு இருக்கு. ஒரே குடி எண்டா அண்ணன் தங்கச்சி முறை, கலியாணம் செய்யேலா. மாமா பகிடியாச் சொன்னாரோ உண்மையாச் சொன்னாரோ தெரியா, நான் ரெண்டையும் கிறுக்கி, அதாவது திருப்பி, பின்பக்கத்தைப் பாத்தன். ரெண்டும் ஒரே நாட்டில செய்த சாமான்.

"பாத்தீங்களா!" எண்டார் மாமா.

அந்த நேரம் கதைச்சு முடிச்சுட்டு வந்த வதனி, "மற்றப் பெட்டியை அமத்திப் பாருங்களன்," எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குப் போனா.

மற்றதை அமத்தினன். சேந்துட்டுது!

பெரிய பெட்டி 'இல்லை', சின்னப் பெட்டி 'ஓம்'. விடிஞ்சதில இருந்து நான் அந்த மெசினிட்ட இல்லை இல்லை எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன். அது என்ன செய்யும் பாவம்.

மெப் ஏறிச்சுது. 'வீடு எது?' எண்டு லப்டொப் கேக்க, சித்தாண்டியில எங்கட வளவைக் காட்டிவிட்டன். தமிழ்க் குரலும் ஏத்துவம் எண்டு பாத்தா, உள்ளுக்க இடம் இல்லயாம். சரி, சுவிஸ்காரியே கதைக்கட்டும் எண்டு விட்டன். வழி தெரிஞ்சாச் சரிதானே, பாசை என்னத்துக்கு?

பின்னேரம் வெளிக்கிட்டம். முன்னுக்கு மாமா, பின்னுக்கு வதனியும் மாமியும், மாமிட மடியில தட்டம். நவியைக் கண்ணாடியில ஒட்டினன். அதில வரிசையாப் படங்கள். சாப்பாட்டுக் கடை, பெற்றோல் அடிக்கிற எண்ணெய் செட், ஒரு வீடு. நாங்க போறது மாப்பிள்ளை வீட்டுக்கு. அப்ப எதை அமத்துறது? வீட்டைத்தான் அமத்தினன்.

வளவு வாசல் கடப்பைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போகல்ல, சுவிஸ்காரி வாயைத் துறந்தா. "பிட்டெ வெண்டென்."

மாமி நிமிந்து இருந்தா. "என்னவாம்? பிட்டு வெந்ததாமா?"

"இல்லம்மா," எண்டா வதனி, "பிட்டு வேண்டாமாம்."

"வேண்டாமெண்டா விடட்டும். ஆர் இவளுக்குக் குடுத்த?"

எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க. இந்த இடத்தில ஒரு மனுசன் 'எனக்கு விளங்கல்ல' எண்டு சொல்லலாம். நான் சொன்னன், "அது மாமி, நேர போங்க எண்டு அர்த்தம்."

"டொச்சும் தெரியுமோ?" எண்டு மாமா ஆச்சரியப்பட்டார்.

"கொஞ்சம்," எண்டன்.

நேர போனன். கிரான் வந்தது. "பிட்டெ வெண்டென்." வாழைச்சேனை வந்தது. "பிட்டெ வெண்டென்." ரோட்டும் நேர் ரோட்டு, அவவும் நேர போகச் சொல்லுறா, எவ்வளவு பொருத்தமாச் சொல்லுறா எண்டு மாமா மெச்சிக்கொண்டு வந்தார். ஓட்டமாவடி தாண்டித் திருகோணமலை ரோட்டில ஏறினப் பிறகு அவட குரல் கொஞ்சம் கடுமையான மாதிரிக் கிடந்தது. ஏசியைக் கூட்டி விட்டன்.

பனிச்சங்கேணி கிட்டினதும் மாமா சொன்னார், "இதால ஒரு ஒழுங்கைக்குள்ள இறங்கோணும் எண்டு சொன்னவங்க. அந்தக் கடையில நிக்கிற பொடியனிட்டக் கேட்டுப் பாப்பம்."

"மாமா, மெசின் இருக்கேக்க ஆளிட்டக் கேக்கிறதோ? வெக்கம். திரும்புற இடம் வந்தா அவ சொல்லுவா."

"பிட்டெ வெண்டென்!" எண்டு அவ சொன்னா.

"பாத்தீங்களா? இன்னும் நேர போகோணும்."

பாலத்தைத் தாண்டினம். வாவியில வெயில் சாயுது, வடிவான காட்சி. ஒருத்தரும் பாக்கல்ல. மாமா மணிக்கூட்டைப் பாக்கிறார், மாமி தட்டத்தில வெத்திலை வாடுறதைப் பாக்கிறா, வதனி என்ட பிடரியைப் பாக்கிறா. வாகரையும் போச்சு.

"இஞ்சாருங்க, இப்பிடியே போனா மாப்பிள்ளையைத் திருகோணமலையில தேட வேண்டியதுதான்," எண்டா வதனி.

அப்பத்தான் கண்ணன் வீடியோவில வந்தான். "அத்தான், நவி வேலை செய்யுதா?"

"அச்சா மாதிரி வேலை செய்யுது!" எண்டு போனைக் கண்ணாடிப் பக்கம் பிடிச்சன்.

"பிட்டெ வெண்டென்."

கண்ணன்ட முகம் மாறிச்சுது. "அத்தான்... அவ கிறுகச் சொல்லுறா!"

"என்னது?"

"காரைக் கிறுக்கிக்கொண்டு வந்த வழியே போகட்டாம்! 'தயவுசெய்து திரும்புங்க' எண்டு சொல்லுறா! எவ்வளவு நேரமாச் சொல்லுறா?"

மாமிதான் சொன்னா, "கடப்படியில இருந்து சொல்லுறாள், மனே."

"எந்த இடத்தைப் போட்டீங்க அத்தான்?"

"மாப்பிள்ளை வீடு. வீட்டுப் படத்தை அமத்தினன்."

"ஐயோ, அது உங்கட வீடு! நீங்க வெளிக்கிட்டதில இருந்து அவ உங்களை வீட்ட போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு வாறா!"

"பாவம் அந்தப் பொம்பிளை," எண்டா மாமி. "எவ்வளவு மரியாதையாக் கேட்டிருக்கிறாள்."

மாமா என்னைப் பாத்து, "கொஞ்சம் டொச்," எண்டார். அவ்வளவுதான் சொன்னார். அடிச்சிருந்தாலும் பரவாயில்ல.

காரைக் கிறுக்கினன். சுவிஸ்காரி உடனே அமைதியாகிட்டா. எனக்குத்தான் ரஜிட முகம் வந்து வந்து போகுது. மற்ற இடங்கள் குழம்பினதுக்குச் சாதகம், குடி எண்டு ஏதோ ஒரு காரணம் இருந்தது. இது குழம்பினா நான்தான் காரணம். அந்தப் பிள்ளையிட முகத்தில எப்பிடி முழிக்கிறது? அதுவும் ஒரே வளவில இருந்துகொண்டு!

அந்தக் கடையடியில நிப்பாட்டி, மாமா இறங்கி வாயால கேட்டார். பொடியன் கையைக் காட்டினான். வீடு வந்தது. ராகுகாலமும் வந்திருந்தது.

கேற்றடியில திருடன் மாதிரிக் காருக்குள்ள இருந்தம். மாப்பிள்ளையிட அம்மாவே வெளியில வந்தா. சிரிப்பில்லாத முகம். "தட்டம் காருக்குள்ள இருக்கட்டும். ராகுகாலம் முடிய எடுப்பம். ஆக்கள் வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்."

உள்ளுக்குப் போய் இருந்தம். மாப்பிள்ளை ஒரு ஓரமா நிண்டு என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறார். அவர்ட அம்மா கேட்டா, "பிந்திப் போச்சே, என்ன நடந்தது?"

கார் பழுது எண்டு சொல்லுவம் எண்டு நான் வாயைத் துறக்க முதல், மாமி துவங்கிட்டா. எங்கட மாமிக்குப் பொய் வராது. கண்ணன் பெட்டி அனுப்பினதில இருந்து, மலர் அக்காட டீவி, பெரிய பெட்டி சின்னப் பெட்டி, பிட்டு வெந்தது, வேண்டாமெண்டது, நான் டொச் தெரியும் எண்டது, வாகரை வரைக்கும் ஒண்டையும் விடல்ல. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள இறங்கி ஒளிக்கேலுமா எண்டு பாத்தன்.

மாப்பிள்ளையிட அம்மா முதல்ல வாயைப் பொத்தினா. மறுகா சீலைத் தலைப்பால பொத்தினா. மறுகா பொத்த ஏலாமச் சிரிச்சா பாருங்க, கண்ணால தண்ணி ஓடுது. மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் கிறுகி நிண்டு குலுங்குறார்.

சிரிச்சு முடிச்சுக் கண்ணைத் துடைச்சுட்டு, மாமாட்டச் சொன்னா. "அண்ணன், உள்ளதைச் சொல்லுறன். எனக்கு ஒரு பயம் இருந்தது. அங்க ஏற்கனவே ஒரு மருமகன், கெம்பஸில வேலை, கொம்பியூட்டரெல்லாம் தெரிஞ்ச ஆள் எண்டு கேள்விப்பட்டன். என்ட மகன் ஏஎல் சோதினையோட படிப்பை நிப்பாட்டினவன். அந்த வளவில வந்திருந்தா இவனை ஆர் மதிப்பாங்க எண்டு ராவெல்லாம் யோசிச்சன்."

என்னை ஒருக்காப் பாத்தா.

"இப்ப அந்தப் பயம் இல்ல. ராகுகாலம் முடிஞ்ச கையோட தட்டத்தைக் கொண்டு வாங்க."

ஊரில என்னவும் கதைக்கட்டும். ரஜிட கலியாணம் பொருந்தினது முழுக்க முழுக்க என்ட திறமையால.