நாலு நிமிஷ மீனும் ஏழு கைகளும்

அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. அத்தானும் பிள்ளைகளும் நலமா? உன் நலத்தைக் கோபம் ஆறியதும் விசாரிக்கிறேன்.

திங்கட்கிழமை நீ மசாலா தடவிப் பச்சையாகக் கொடுத்தனுப்பிய மீனைப் பற்றித்தான் எழுதுகிறேன். "ஆபீஸ் மைக்ரோவேவ்ல வைடா, நாலே நிமிஷம். எலுமிச்சைத் தோல் போட்டிருக்கேன், வாசனையே வராது" என்று போனில் சத்தியம் பண்ணினாயே, அந்த மீன். போன மாதம்தான் 'இதில் மீன் வைக்கக் கூடாது' என்று நோட்டீஸ் எழுதி, மேற்பார்வையாளர் என்று கையெழுத்தும் போட்டு, அதன் கதவிலேயே ஒட்டியவன் நான். அந்தக் கதவைத் திறந்துதான் உன் மீனை வைத்தேன். வைத்துவிட்டு மேனேஜர் அறையில் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால், மூன்றாவது நிமிடம் பக்கத்து அறையில் 'டப்' என்று ஒரு வெடி. நான்காவது நிமிடம் ஏசி வழியாக நாற்றம் மீட்டிங்குக்கே வந்துவிட்டது. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு "யாருய்யா அது?" என்றார். "நான்தான் சார்" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய்க்கொழுப்பு, "கண்டுபிடிச்சுத் தர்றேன் சார்!" என்று மேசையைத் தட்டி எழுந்துவிட்டேன்.

விசாரணையில் என் மானத்தை வாங்கியது உன் கையெழுத்து. டப்பா மூடியில் 'தம்பிக்கு. முள் பார்த்துச் சாப்பிடு' என்று எழுதி ஒட்டியிருக்கிறாயே, ஐம்பத்தொரு வயதுக்காரனுக்கு எழுதுகிற எழுத்தா இது? மேனேஜர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அக்கா இருக்கறவங்கல்லாம் கை தூக்குங்க" என்றார். ஏழு பேர் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவளை இருபத்திரண்டு பேர் முன்னால் இல்லையென்று சொல்லிவிட்டேன், எல்லாம் உன்னால்! அந்த ஏழு பேரில் அனுப்புகைப் பிரிவு எழுத்தருக்கு மூன்று அக்கா. வாயில்லாப் பூச்சி. பழி அவர் தலையில் விழுந்தது. நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவைப்பார்களாம். அந்த மெமோவில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. இனி நீ மீன் என்று வாயெடுத்தால் உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அவர்களாவது உன் பேச்சைக் கேட்காமல் பிழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் கெட்ட தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது எழுத்தரின் விளக்கம் வந்தது. 'அந்த மீன் என்னுடையதல்ல. தினமும் ஒரு மணிக்கு ஆபீசுக்குப் போன் செய்து "என் தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்பவரும் என் அக்கா அல்ல' என்று எழுதியிருந்தார். நேராக மேனேஜரிடம் போய், "எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க சார்" என்றேன். "அது தெரியாதவன் இங்க யாருய்யா? நீயா சொல்றியான்னுதான் பார்த்தேன். மீன் எங்கே?" என்றார். "குப்பையில கொட்டிட்டேன் சார்." மனிதருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! மெமோ இப்போது என் பெயருக்கு மாறிவிட்டது. குற்றம், மீனைச் சமைத்தது அல்ல, வீணாக்கியது. வெள்ளிக்கிழமை பெரிய டப்பாவோடு நீயே வந்துவிடு. வாசலிலேயே நின்று, இவள்தான் என் அக்கா என்று இருபத்திரண்டு பேரிடமும் நானே சொல்கிறேன்.