மச்சானுக்கு நீ அனுப்பிய நுனியில்லாத கத்தி

அன்புத் தம்பி சுஃப்யானுக்கு, கோட்டைமேட்டிலிருந்து அக்கா சாஜிதா பேகம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் ஷார்ஜாவுக்குத் திரும்பும் சிக்கந்தரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அவருக்கு அனுப்பிய கத்தியைப் பற்றித்தான். பெட்டியைப் பிரித்ததுமே, நுனி உடைந்து வந்திருக்கிறதா என்று கேட்டேன். "இது குத்துறதுக்கில்ல சாஜிதா. மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கறதுக்கு. நெம்பலாம், அறுக்கலாம், ஆளு மேல காயம் படாது" என்றார். அன்றைக்கு இடுப்பில் செருகியதுதான். மாட்டிக்கொண்டவர்கள் யாரும் தெருவில் இல்லை என்பதுதான் அவருக்குக் குறை. எதிர்வீட்டு ஆடு கயிற்றைச் சுற்றிக்கொண்டு கத்தியது என்று கயிற்றை அறுத்தார். அது உக்கடம் வரை ஓட, தெருவே அதன் பின்னால் ஓடியது. மாடிவீட்டு ஜன்னல் இறுகியிருந்ததை நெம்பினார். ஜன்னல் சட்டத்தோடு கையில் வந்துவிட்டது. அவர் மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் நேரம் காலம் பார்க்காமல் ஆள் வந்து கூப்பிட்டுப் போவார்கள். இப்போது யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அது தெரிந்தும் திட்டுகிறேன். திட்டிவிட்டு எனக்கே மனசு கஷ்டமாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் ரம்ஷாவைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தார்கள். மஞ்சள் மண்டிக்காரர்கள், பையன் பெயர் ஆரிஃப், புதுக் கார். பிரியாணி எடுத்து வைக்கும்போது உன் மச்சான் பையனின் அத்தாவிடம், "ஏனுங்க, ஆரிஃபோட அம்மாவக் காணமுங்களே?" என்று கேட்டிருக்கிறார். "பொம்பளைங்ககூட உள்ள இருப்பாங்க" என்றாராம் அவர். உள்ளே நாங்களோ, அந்த அம்மா வெளியே போன் பேசிவிட்டு வருவார்கள் என்று இருந்தோம். உன் மச்சான் எழுந்து வெளியே போனார். பிறகு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பூட்டிய காரின் கண்ணாடியை நெம்பி உடைத்து உள்ளே புகுந்திருக்கிறார். கடைசி சீட்டில் அந்த அம்மா, போன்கூட எட்டாமல், முந்தானை பெல்ட்டில் சிக்கிக் கிடக்கிறார்கள். பெல்ட்டும் போச்சு, பட்டு முந்தானையும் போச்சு.

"சாவி என் பாக்கெட்லதான் இருக்குது. கேட்டிருந்தா குடுத்திருப்பேனுங்களே" என்றார் பையனின் அத்தா.

"அவங்க வேர்த்து மயங்கற மாதிரி இருந்தாங்க. கேக்கத் தோணலீங்க" என்றார் உன் மச்சான்.

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். ரம்ஷாவுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அறைக்குள்ளேயே கிடக்கிறாள். இந்தச் சம்பந்தம் போய்விட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உன் கம்பெனியில் திரும்பக் கேட்கிறார்கள் என்று ஏதாவது சொல்லி, நீயே அந்தக் கத்தியை அவரிடமிருந்து வாங்கிவிடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
அக்கா சாஜிதா பேகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஆரிஃபின் அம்மா போன் செய்தார்கள். "கார் கெடக்குதுங்க. நான் எறங்குனனான்னு எங்கூட்டு ஆளுக ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. உங்கூட்டுக்காரர்தான் தேடி வந்தாரு. அவரு வளத்த புள்ள எங்கூட்டுக்கு வந்தா, நான் இருக்கறனா இல்லையான்னு ஒரு ஆளாச்சும் பார்க்குமுங்க" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த மாதம் நிச்சயம். கத்தியைத் திரும்பக் கேட்காதே. வரும்போது இன்னொன்று வாங்கி வா. சம்பந்தியம்மா தன் கைப்பையில் வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள்.