நடையில் சிக்கிய எட்டடி மேஜை

"இழுக்காதீங்கன்னு சொல்றேன், தள்ளுங்க."

"தள்ளிட்டு நான் எங்கண்ணே போறது? முதுகு ஏற்கெனவே சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு."

"மேஜை செய்யத் தெரிஞ்ச ஆளுக்கு, அது வெளிய போகணும்னு தெரியாதா?"

முதல் குரல் தச்சருடையது. இரண்டாவது, வங்கியில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளையுடையது. மூன்றாவது, அவர் மனைவியுடையது. மூவருக்கும் நடுவே, கூடத்திலிருந்து வாசலுக்குப் போகும் நடையின் திருப்பத்தில், எட்டடி மேஜை ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றது. வாசலில் சாமான் ஏற்றிய வண்டி. தெருவில் பாதிப் பேர், ஏதோ அந்த வண்டிக்கு வழி சொல்ல வந்தவர்கள் போல நின்றிருந்தார்கள்.

தச்சருக்குத் தெரு வைத்த பெயர் நூல்காரர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை மரவேலைக்காரர்கள் ஒரு நூல் என்பார்கள். "நம்ம வேலையில ஒரு நூல் பிசகாது" என்று இருபது வருடமாக அவர் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. கதவோ கட்டிலோ, அவர் வைத்த அளவை யாரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை. இன்றைக்கு மேஜையோடு சேர்ந்து அந்தப் பெயரும் சுவருக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது.

மேஜை செய்யச் சொன்னவர் டீச்சரம்மா, அதாவது அந்தப் பிள்ளையின் அம்மா. முப்பது வருடம் தையல் வகுப்பு நடத்தியவர். தெருமுனையில் ஆள் வரும்போதே தோள் அளவு சொல்லிவிடுவார். மகனும் மருமகளும் புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோவது என்று முடிவானதும், சாப்பாட்டு மேஜை என் பரிசு என்றார். மாமியார் இத்தனை சுலபத்தில் விட்டுக்கொடுக்கிறாரே என்று தெருவுக்கு அப்போதே ஒரு உறுத்தல்தான்.

நூல்காரர் முதலில் வரைந்து காட்டியது ஐந்தடி மேஜை. கால்களைத் திருகாணியில் மாட்டிவிட்டால் கழற்றி எடுத்துப்போகச் சௌகரியம் என்றார். டீச்சரம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கழற்றுகிற கால் நாளைக்கு ஆடும் என்றார். துளையிட்டுச் செருகி, மரமுளை அடித்து, பசை வைத்து இறுக்கிவிட வேண்டுமாம். பேரப்பிள்ளைகள் வளருவார்களே என்று ஐந்தடி ஆறடியானது. அவர்களுக்கும் சிநேகிதர்கள் வருவார்களே என்று ஆறு எட்டானது. மரக்கடைக்கும் கூடவே வந்து பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார். பட்டறை எதற்கு, கூடத்திலேயே வைத்துச் செய்யுங்கள், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார்.

வெளியே போகும் வழியை அளக்க நூல்காரர் நாடாவை எடுக்கத்தான் செய்தார்.

"நடையை நான் அளந்தாச்சு, தம்பி. நீங்க வேலையப் பாருங்க."

தையல் டீச்சர் அளந்ததைத் தான் மறுபடி அளப்பதா? மரியாதைக்காக நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மரியாதையின் கனத்தைத்தான் இப்போது தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். மேஜையை நட்டமாக நிறுத்திப் பார்த்தார்கள். நடை விளக்கு உடைந்தது. ஜன்னல் வழியாக எடுக்கலாமே என்று வாசலிலிருந்து ஒருவர் யோசனை சொன்னார். ஜன்னலுக்கு வெளியே இரண்டடியில் பக்கத்து வீட்டுச் சுவர். யோசனை சொன்னவர் அந்த வீட்டுக்காரர்தான்.

திருப்பத்து மூலையை மூன்று அங்குலம் கொத்திவிட்டால் வழி கிடைக்கும் என்று நூல்காரர் உளியை எடுத்தார். மூன்றாவது அடியில் செங்கல் விழுந்தது. நான்காவது அடியில் உள்ளே ஓடிய தண்ணீர்க் குழாய் உடைந்தது. மருமகள் மேஜைக் கால்களுக்கு இடையே தவழ்ந்து வாசலுக்கு வந்து குழாயை மூடினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நிமிர்ந்தவரை, நிற்கிற எல்லோரும் பார்க்காதது போலப் பார்த்தார்கள். தண்ணீர் பட்ட முளைகள் ஊதி, கால்கள் முன்னைவிட இறுகிப்போயின.

இத்தனைக்கும் டீச்சரம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒரு பச்சைத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது, "மெதுவா, தம்பி" என்பதோடு சரி.

கடைசியில் நூல்காரர் ரம்பத்தை எடுத்தார். கால்களை அறுத்துவிடலாம், அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவரே நினைத்ததில்லை.

மருமகள் குறுக்கே வந்து நின்றார். "அறுக்காதீங்கண்ணே. இவ்வளவு அழகாப் பண்ணிட்டு அறுப்பாங்களா? இந்த மேஜை இல்லாம நான் அந்த வீட்டுக்கு வரல."

"அப்ப போகவே வேணாங்கிறியா?" என்றார் கணவர்.

டீச்சரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடது. கண்ணு மங்கிப்போச்சு, டேப்புல நம்பரே சரியாத் தெரியல."

நூல்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார். அத்தனை பேர் முன்னால் ஒரு பெரிய மனுஷி தன் கண்ணைக் குறை சொல்லி இவர் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

பெயர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து தெருவில் அவர் நடைக்காரர். தேநீர்க் கடையில் பெஞ்சைக் காட்டி, "இது வெளிய போகுமாண்ணே?" என்று கேட்டார்கள். மாமியாரைப் பற்றியும் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது: மகனைக் கயிற்றால் கட்ட முடியாதவர் மேஜையால் கட்டிப் போட்டுவிட்டார்.

வண்டி சாமானை இறக்கிவிட்டுப் போனது. கொத்திய மூலை வழியாக மேஜை கூடத்துக்குள் பின்வாங்கியது. ஒரு பக்கம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத, மறுபக்கம் மருமகள் அலுவலகக் கோப்புகளைப் பரப்பினார். நடுவில் சாப்பாடும் நடந்தது, யார் முழங்கையும் யார் மேலும் படாமல். புது வீட்டுப் பேச்சு மெல்ல அடங்கியது.

"பூட்டியே கிடந்தா அந்தப் புது வீடு பாழாப் போயிடும்" என்றார் டீச்சரம்மா ஒரு நாள், வாசல்வரை கேட்கிற பெருமூச்சோடு. "யாராவது ஒருத்தர் போய் இருக்கணும். நானே போறேன், வேற என்ன பண்றது?"

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெட்டியும் தையல் இயந்திரமுமாக அம்மா கிளம்பினார்.

அடுத்த வாரம் நூல்காரரை அங்கே கூப்பிட்டனுப்பினார். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை வேண்டுமாம். நூல்காரர் இந்த முறை கதவை, மாடிப்படியை, மாடிப்படித் திருப்பத்தை எல்லாம் இரண்டிரண்டு தடவை அளந்தார். ஜன்னலில் பச்சைத் திரை தொங்கியது. பழக்கதோஷத்தில் அதன் மேலும் நாடாவை வைத்தார். ஜன்னலுக்கும் திரைக்கும் ஒரு நூல் பிசகில்லை. கண் மங்கியவர் தைத்ததா என்று ஒரு கணம் நின்றார்.

"எத்தனை நாற்காலிம்மா?"

"ஒண்ணு. ரெண்டு போட்டா எதிர்ல யாராவது வந்து உக்காந்து, இன்னிக்கு என்ன சமையல்னு கேப்பாங்க. முப்பத்தஞ்சு வருஷம் அதுக்குப் பதில் சொல்லியாச்சு, தம்பி."

மகனைப் பிரிந்த துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார் நூல்காரர். தனக்காகப் பழியை ஏற்றவருக்கு நல்ல மரமாகப் போட வேண்டும் என்று நேரே மரக்கடைக்குப் போனார். இரண்டடிக்கு மூன்றடி, ஒரு ஆள் சாப்பிட என்று சொல்லி முடிப்பதற்குள், கடைக்காரர் உள்ளே போய்த் துணி சுற்றிய பலகை ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார்.

"டீச்சரம்மாவுக்குத்தானே? பெரிய மேஜைக்கு மரம் பாக்க உங்ககூட வந்தாங்களே, அன்னிக்கே இதை எடுத்து வெக்கச் சொல்லிட்டாங்க. 'முதல்ல பெரிய மேஜை வீட்டுக்குள்ள மாட்டட்டும், இதுக்கு அப்புறமா அந்தத் தம்பியே வருவாரு'ன்னாங்க."