பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு

கட்டில் வாசலில் சிக்கிக்கொண்டது. பாதி வீட்டுக்குள், பாதி மாடிப்படியில்.

"அளவெடுத்துத்தானே வீட்ட வாங்கினீங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. அவளால் வெளியே வர முடியவில்லை.

தையற்காரரான அவள் கணவர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மறுபடியும் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு விரக்கடைதான் இடிக்குது. சட்டையா இருந்தா உள்ள மடிச்சு விட்டிருப்பேன், இப்பப் பிரிச்சு விட்டுக்கலாம்."

"இது சுவருங்க" என்றாள் அவள்.

அந்தப் பகுதியில் காற்று ஒன்றுதான் இலவசம். மூன்று அறை வேண்டும் என்றுதான் தேட ஆரம்பித்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் ஓர் அறையில் வந்து நின்றது. எல்லாம் மகளுக்காக. இத்தனை நாளும் அவளை இரண்டு பஸ் மாற்றிப் பள்ளிக்கு அழைத்துப் போனவர் அவர்தான். பாவம், அந்த நெரிசலில் வேறு வேலை இல்லாமல், யார் ரப்பரை யார் எடுத்தார்கள் என்று வழி நெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். குழந்தை ரோட்டிலேயே வளர்ந்துவிடுவாளோ என்று அவருக்குக் கவலை. வீடு பக்கத்தில் இருந்தால் நிம்மதியாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாமே!

கட்டிலின் காலை அறுத்தார்கள். அது போதாமல் தலைமாட்டையும் அறுத்தார்கள். கட்டில் ஒருவழியாக உள்ளே வந்ததும் தையல் மெஷினுக்கு இடமில்லை. புதுத்தெருவில் யாரும் துணி தைத்துப் போடுவதாகவும் தெரியவில்லை. மெஷினைப் பழைய தெருவிலேயே ஒரு கடை மூலையில் போட்டார். இப்போது விடியுமுன்னே இரண்டு பஸ் மாற்றி அவர் மட்டும் அங்கே போனார். திரும்பி வரும்போது மகள் அந்த அறுத்த கட்டிலில் காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"விரலுக்கேத்த வீக்கம் வேணும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் மனைவி.

"போகப் போகச் சரியாயிடும்."

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. இதற்காகத்தானே இத்தனை பாடு என்று மகள் பக்கத்தில் ஆசையாக உட்கார்ந்தார்.

"ஸ்கூல்ல என்னம்மா விசேஷம்?"

"ஒண்ணுமில்லப்பா."

அவர் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"வீடு புடிச்சிருக்கா?"

"ம்."

பிறகு அம்மா காதில் விழாதபடி அவர் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா, இங்கேருந்து ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாத்திப் போற மாதிரி ஏதாவது வழி இருக்காப்பா?"